காலை 5.53, ஒரு கட்டைவிரல்

ஆகஸ்ட் 4, திங்கள்

விடியும்போதே புழுக்கம். கண்ணாடி மறுபடியும் காணோம். கடைசியில் அரிசி டப்பா மேல் இருந்தது. வாங்க வேண்டியது: துவரம்பருப்பு, அவருக்கு பி.பி. மாத்திரை, குளியல் சோப்பு இரண்டு.

கம்பெனியில் எங்கள் லைன் 4 வாட்ஸ்அப் குரூப்பில் இன்று 33 பொம்மை. ஒருத்தி மட்டும் லீவு. இந்தப் பொம்மை ஏற்பாட்டைக் கொண்டுவந்தது நான்தான். எமோஜி என்று யாரும் சொல்வதில்லை, எங்கள் லைனில் அது பொம்மை. பாதிப் பேருக்குத் தமிழில் டைப் அடிக்க வராது. சிலருக்கு உருது மட்டும்தான் படிக்கத் தெரியும். அதனால் ஆளுக்கு ஒரு பொம்மை. காலை ஆறு மணிக்குள் அவரவர் பொம்மையைப் போட்டால் வேலைக்கு வருகிறார்கள் என்று அர்த்தம். கூடவே பஸ் பொம்மை இருந்தால் கம்பெனி பஸ்ஸில் ஏறுவார்கள். ஒன்றும் போடாவிட்டால் லீவு. நான் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டைவிரல் போட்டுவிட்டு, யாருக்கு எந்த மெஷின் என்று நோட்டில் எழுதிக்கொள்வேன். வசந்தா மயில். ஷம்ஷாத் கிளி. மதியச் சாப்பாட்டுக்கு தினம் நாலு பச்சை மிளகாய் கடிப்பாள், அதனால் நாங்கள் வைத்தது.

இன்றைய கூத்து: ஷம்ஷாத் கிளிக்குப் பக்கத்தில் பஸ்ஸுக்குப் பதில் தீயணைப்பு வண்டியைப் போட்டுவிட்டாள். லைனே சிரித்தது. வசந்தா மெஷினை நிறுத்திவிட்டே கேட்டாள்: "இன்னாக்கா, கிளி வூட்டுல நெருப்பா?"

மதியம் லாக்கரிலிருந்து ஃபோனை எடுத்துவந்து ஷம்ஷாத்துக்குப் பாடம் நடத்தினேன்.

"எல்லாம் பொடிப்பொடியா ஒரே மாதிரி இருக்குது மல்லி. எது எதுன்னு எப்டி கண்டுபிடிக்கறது?"

"இங்க பாரு. இது பஸ். இது போலீசு. செவப்புல கூட்டல் குறி போட்டிருக்குது பாரு, அது ஆம்புலன்ஸ். அதுக்குப் பக்கத்துல நீ போட்ட தீ வண்டி."

"ஆம்புலன்ஸ் எனக்கு இன்னாத்துக்கு?"

"உசுரு போற மாதிரி இருந்தா அதைப் போடு. வண்டியோட வந்து நிக்கறேன்."

எல்லோரும் சிரித்தோம். அவளும்தான். சாயங்காலம் வாலாஜாபேட்டையில் இருக்கும் அவள் மகள் ரேஷ்மாவுக்கு ஃபோன் போட்டு, தீ வண்டிக் கதையைச் சொன்னேன். அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஆகஸ்ட் 9, சனி

சாயங்காலம் லேசாகத் தூறல். துணி எடுக்கவில்லை, எல்லாம் ஈரம்.

ஷம்ஷாத் மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்றுவிடுகிறாள். கேட்டால் கேஸ் என்கிறாள். போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கி வந்திருக்கிறாள். "எக்கோ எடுக்கச் சொன்னாங்க, லீவு கெடைக்கும்போது பாக்கலாம்" என்றாள். லீவு போடுடி என்றேன். ஏற்றுமதி சரக்கு போகிற வாரம், அவள் மெஷின் நின்றால் எனக்குத்தான் பேஜார் என்று அவளுக்குத் தெரியும். ஷூவுக்கான தோலின் ஓரத்தை மெல்லிசாகச் சீவுகிற மெஷின் அது. அவள் கை மாதிரி வேறு ஒரு கை கம்பெனியில் இல்லை. நான் இரண்டாவது தடவை லீவு போடு என்று சொல்லவில்லை.

பத்தொன்பது வருடம் ஆகிறது. ஒரே நாளில் ஹெல்பராகச் சேர்ந்தோம். நான் சூப்பர்வைசர் ஆகிவிட்டேன். புருஷன் போன பிறகு, மகளையும் கட்டிக்கொடுத்த பிறகு, அவள் கஸ்பா தெருவில் ஒற்றை ரூமில் தனியாக இருக்கிறாள்.

இப்போது இன்னொரு பழக்கம். பொம்மையைக் குரூப்பில் போடாமல் எனக்குத் தனியாக அனுப்பிவிடுகிறாள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், அவளுக்காகக் குரூப்பில் நானே ஒரு கிளி போட்டுவிடுகிறேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பஸ்ஸில் எழுதுகிறேன். 7.05. எரிச்சல்.

ஷம்ஷாத் இன்றைக்கும் தனியாகத்தான் அனுப்பினாள். கிளிகூட இல்லை, வெறும் பஸ். தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன், கை மாவு. விரலைப் போட்டுவிட்டு, குரூப்பில் அவளுக்காக நானே கிளி போட்டேன். இப்போது பார்த்தால் ஆள் வரவில்லை. அவள் தெரு முனையில் மூன்று தடவை ஹாரன் அடித்தார் டிரைவர். இரண்டு நிமிஷம் பார்த்தோம். வசந்தா, "நான் போய் எட்டிப் பாக்கட்டாக்கா?" என்றாள். வேணாம், ஏற்கெனவே லேட் என்றேன். "போலாம்ணா" என்று டிரைவரிடம் சொன்னதும் நான்தான். பொம்மை போட்டுவிட்டு வராமல் இருந்தால் என் பிளான் என்ன ஆவது. நாளைக்கு நல்லா கேட்க வேண்டும்.

சாயங்காலம்.

ஷம்ஷாத் போய்விட்டாள்.

ஒன்பதரைக்கு கேட் செக்யூரிட்டி வந்து கூப்பிட்டார். பக்கத்து வீட்டுப் பெண் கம்பெனிக்கு ஃபோன் போட்டிருக்கிறாள். எட்டரைக்கு அவள் தண்ணீர் பிடிக்க வெளியே வந்தபோது ஷம்ஷாத் வீட்டுக் கதவு திறந்திருந்திருக்கிறது. கதவுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புர்கா போட்டு, மடியில் பை, கையில் ஃபோன். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு மாரடைப்பு என்றார்கள். ஏழரை மணி வாக்கில் போயிருக்கும் என்றார்கள்.

ஒரு மணிக்கு ரேஷ்மா வந்தாள், கைக்குழந்தையோடு. என்னைக் கட்டிக்கொண்டு "காலா, காலா" என்று அழுதாள். சின்ன வயசிலிருந்தே என்னை அப்படித்தான் கூப்பிடுவாள், அம்மாவின் தங்கையைக் கூப்பிடுகிற மாதிரி. அம்மாவை அம்மி என்பாள். பெண்கள் குளிப்பாட்டினார்கள். முகத்தைக் காட்டினார்கள். தூங்குகிற முகம்தான். மாலைத் தொழுகைக்குப் பிறகு எடுத்துவிட்டார்கள்.

எல்லோரும் ஒரே பேச்சு: "வேலைக்குக் கெளம்பி ரெடியா உக்காந்திருக்கா பாவம்." பையை ரேஷ்மா திறந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். ஆஸ்பத்திரி ஃபைல். மாத்திரை. தண்ணீர் பாட்டில். ஆதார் கார்டு. ஒரு மாற்றுப் புடவை.

சாப்பாட்டு டப்பா இல்லை. மிளகாய் இல்லை.

ஆகஸ்ட் 13, புதன்

லீவு போட்டுவிட்டேன். வெயில் இல்லை, மூட்டம்.

டப்பா இல்லாதது மனசில் இடித்துக்கொண்டே இருந்தது. காலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஃபோனை எடுத்தேன். அவள் அனுப்பியது பஸ் இல்லை.

5.52. வெள்ளை வண்டி, சிவப்பில் கூட்டல் குறி.

5.53. என் கட்டைவிரல்.

5.55. அவளிடமிருந்து, கை கூப்பின பொம்மை. இதை நான் திறந்தே பார்த்திருக்கவில்லை.

நான் கற்றுக்கொடுத்தது. சரியாகக் கண்டுபிடித்துப் போட்டிருக்கிறாள். அந்த ஒரு தடவைதான் தப்பே இல்லாமல் போட்டிருக்கிறாள். நான் வருகிறேன் என்று நினைத்து, புர்காவைப் போட்டு, ஃபைலை எடுத்துவைத்து, கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கிறாள். வேறு யாரையும் கூப்பிடவில்லை. நான்தான் சரி என்று சொல்லிவிட்டேனே.

பஸ் முனையில் நின்றபோது மணி 6.50. வீடு அங்கிருந்து முப்பது அடி. ஏழரைக்குத்தான் உயிர் போயிருக்கிறது. ஹாரன் கேட்டிருக்கும்.

சோறு வடிக்கவில்லை. அவர் டேனரியிலிருந்து வந்து, என்ன என்று கேட்டார். ஃபோனைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "யார்கிட்டயும் காட்டாத" என்றார்.

"ரேஷ்மாகிட்ட?"

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? இன்னும் ஒடஞ்சு போவும். அதுக்கு அப்புறம் உன்னை அந்த வூட்டுப் படி ஏற விடுவாங்களா?"

அவர் சொல்வதும் தப்பில்லை. ஆனால் ஷம்ஷாத்தின் ஃபோன் ரேஷ்மாவிடம் இருக்கிறது. பூட்டு கிடையாது அதற்கு. கோலம் மாதிரி இழுக்கிற பூட்டு வராது என்று அவளுக்கு எடுத்துவிட்டதும் நான்தான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மூன்றாம் நாள். ஃபாத்திஹா ஓதினார்கள். போனேன். ரேஷ்மா தட்டில் போட்டுக் கொடுத்ததைச் சாப்பிட்டேன். ஷம்ஷாத்தின் ஃபோன் ஜன்னலில் சார்ஜில் கிடந்தது. அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன்.

போவதற்கு முன் காலையில் செய்த காரியத்தை எழுதிவிடுகிறேன். எழுதாமல் விட்டால் நாளைக்கு நானே இல்லை என்பேன்.

அனுப்பியதை இரண்டு பக்கமும் அழிக்கலாம் என்று தெரியும். குரூப்பில் எத்தனையோ தடவை அழித்திருக்கிறேன். அந்த விரலை அழுத்திப் பிடித்தேன். இரண்டு வழி காட்டியது: எல்லோருக்கும் அழி, எனக்கு மட்டும் அழி. எல்லோருக்கும் என்பதைத்தான் தொடப் போனேன். எனக்கு மட்டும் என்பதில் பட்டுவிட்டது.

இப்போது என் ஃபோனில் அந்த விரல் இல்லை. ஆம்புலன்ஸ் இருக்கிறது, நேராக அதற்குக் கீழே கும்பிடு இருக்கிறது. நான் ஒன்றுமே சொல்லாததற்கு அவள் நன்றி சொன்ன மாதிரி. ஜன்னலில் கிடக்கிற ஃபோனில் மட்டும் அது அப்படியே இருக்கும்.

சீ. நான் இவ்வளவுதானா.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடி ஏற்றம். மிட்டாய். கம்பெனி லீவு. மழை இல்லை.

குரூப்பில் அவள் சாவுச் செய்தியை வசந்தா அன்றைக்கே போட்டிருந்தாள். இன்றைக்குத்தான் உட்கார்ந்து பார்த்தேன். அழுகிற முகம் 19. கை கூப்பினது 11. உடைந்த இதயம் 2. மேனேஜர் கட்டைவிரல். பாவம், அவரும் என்னை மாதிரி பார்க்காமல் போட்டிருப்பார். வசந்தாவுக்குக் கோபம்: "செத்துப் போனாங்கன்னா சூப்பர்ன்றாரு, மனுஷனா அவரு?" நான் எந்த வாயால் அவரைக் குறை சொல்வது.

அதற்குக் கொஞ்சம் மேலே, 12ஆம் தேதி காலையில், ஒரு கிளி. நான் அவளுக்காகப் போட்டது.

ஆகஸ்ட் 18, திங்கள்

வேலைக்குப் போனேன். 91 ஜோடி ஷூ திரும்பி வந்தது, ஓரம் சரியாகச் சீவவில்லை என்று.

அந்த மெஷினுக்குப் புதுப்பெண் ஒருத்தியைப் போட்டிருக்கிறார்கள். பாரதி, மாதனூர் பக்கம். குரூப்பில் சேர்த்தேன். உனக்கு ஒரு பொம்மை எடுத்துக்கோ என்றேன். கிளியைப் போட்டாள்.

மதியம் யாரும் அவளோடு பேசவில்லை. அவளுக்குப் புரியவில்லை. "ஏங்க்கா, அதை யாரும் போடலையேன்னுதானே எடுத்தேன்" என்றாள் அழுகிற குரலில். தப்பு உன்மேல் இல்லை, வேற எடுத்துக்கோ என்றேன். வாத்து எடுத்துக்கொண்டாள்.

கட்டைவிரல் போட முடியவில்லை. ஒவ்வொருத்திக்கும் பேர் போட்டு "பார்த்தேன்" என்று டைப் அடித்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பொம்மையாகப் பெரிதாக்கிப் பார்த்து. அரைமணி நேரம் ஆயிற்று. தோசை தீய்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 21, வியாழன்

மதியம் ஃபோனை எடுத்தால் ரேஷ்மாவிடமிருந்து ஒரு வாய்ஸ். "காலா, ஞாயித்துக்கெழமை வர முடியுமா? அம்மி ஃபோனைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். ஃபோன்ல வேணாம், நேர்ல வாங்க."

பார்த்துவிட்டாள்.

வருகிறேன் என்று மூன்று தடவை டைப் அடித்து மூன்று தடவை அழித்தேன். கடைசியில் கூப்பிட்டே சொன்னேன். சரி காலா என்று மட்டும் சொன்னாள். குரலில் ஒன்றும் தெரியவில்லை.

அவர் சொல்கிறார், கண்ணாடி இல்லை, பஸ்ஸுன்னு நெனச்சேன்னு சொல்லு, அதுதானே உண்மை என்று. உண்மைதான். கண்ணாடி இருந்திருந்தாலும் நான் பார்த்திருப்பேனா என்பது எனக்கல்லவா தெரியும். இரண்டு வருடமாக ஒரு நாளைக்கு முப்பது விரல் போடுகிறேன். எதைப் பார்த்துப் போட்டேன்?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வேலூர் வந்து பஸ் மாறி வாலாஜாபேட்டை. நல்ல வெயில். குழந்தைக்கு பிஸ்கெட், ஒரு கவுன்.

வழியெல்லாம் சொல்லவேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். ரேஷ்மா டீ போட்டுக் கொடுத்தாள். மாமியார் கல்யாணத்துக்குப் போயிருந்தார், வீட்டில் அவளும் குழந்தையும்தான். ஷம்ஷாத்தின் ஃபோன் டீப்பாய் மேல்.

"காலா, உங்க ஃபோன்ல அம்மி பேசுன வாய்ஸ் ஏதாவது இருக்குதா? அவங்க ஃபோன்ல தேடிட்டேன், ஒண்ணும் இல்ல. என்கிட்டயும் இல்ல. உங்ககிட்ட இருந்தா எனக்கு அனுப்புங்க. கொரலு மறந்துடுமோன்னு பயமா இருக்குது."

அதுதான் கேட்க வேண்டியதாம். அதற்குத்தான் வரச் சொன்னாளாம்.

என் ஃபோனைத் திறந்து, அவள் தனியாக அனுப்பியது, குரூப்பில் போட்டது எல்லாவற்றையும் மேலே மேலே தள்ளிப் பார்த்தேன். இரண்டு வருடம். கிளி, பஸ், விரல். கிளி, பஸ், விரல். ரம்ஜானுக்கு ஒரு பிறை. என் பிறந்தநாளுக்கு ஒரு கேக். பத்தொன்பது வருடம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசினோம், ஃபோனில் பேசிவைக்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. "இல்லம்மா" என்றேன்.

பிறகு மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோய்ச் சொன்னேன். "ரேஷ்மா, அன்னிக்குக் காலையில உங்கம்மா எனக்கு ஆம்புலன்ஸ் அனுப்பிச்சா. நான் பாக்காம சரின்னு விரல் போட்டேன். என்னை நம்பித்தான் உக்காந்திருந்தா."

அவள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். அழவில்லை.

"தெரியும் காலா. அன்னிக்கு சாயங்காலமே பாத்துட்டேன்."

"ஏம்மா என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கேக்கறது?"

எழுந்து போய்த் தன் ஃபோனைக் கொண்டுவந்து காட்டினாள். அம்மி என்று பேர். 5.49, அதே வண்டி, அதே சிவப்புக் கூட்டல் குறி. அதற்குக் கீழே 5.50க்கு ரேஷ்மா போட்டது. கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற முகம். மூன்று.

"பாப்பா அன்னிக்கு ராத்திரி முழுக்கத் தூங்க விடல. பாதித் தூக்கத்துல பாத்தேன். நீங்க சொன்னீங்களே, தீ வண்டி போட்டாங்கன்னு. மறுபடியும் ஏதோ தப்பா தொட்டுட்டாங்கன்னு நெனச்சேன். சிரிப்பு போட்டுட்டுத் திரும்பிப் படுத்துட்டேன்."

அந்தக் கதையை அவளுக்குச் சொன்னது நான்.

"என்கிட்ட கேட்டாங்க, நான் சிரிச்சேன். அதுக்கு அப்புறம்தான் உங்ககிட்ட வந்திருக்காங்க. நீங்க சரின்னீங்க. அவங்க கும்புட்டாங்க. அதைப் பாத்துப் பாத்துதான் நான் இத்தினி நாள் இருக்கறேன் காலா. யாரோ வர்றாங்கன்ற நெனப்புலயாவது இருந்தாங்க இல்ல, அந்த நேரம்?"

"நான் வரலையேம்மா."

"வரல. அம்மிக்கு அது தெரியாது இல்ல."

இரண்டு பேரும் அழுதோம். குழந்தையும் அழுதது. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தாள், வேண்டாம் என்றாலும். ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஹாரன் அடித்ததை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

இரவு நல்ல மழை. வாசலில் தண்ணீர். 32 பொம்மை, இரண்டு பேர் லீவு.

5.40க்கு ரேஷ்மாவிடமிருந்து ஒரு சூரியகாந்தி. அடுப்பை அணைத்துவிட்டு உடனே கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"இன்னாம்மா?"

"ஒண்ணும் இல்ல காலா. சும்மாதான் போட்டேன்."

சரி என்றேன். ஃபோனை அவளும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. குழந்தை பால் குடிக்கிற சத்தம் கேட்டது.

பஸ். 6.50. கஸ்பா தெரு முனை. அங்கே ஏற இப்போது யாரும் இல்லை, ஆனாலும் பழக்கத்தில் டிரைவர் கையை ஹாரனுக்குக் கொண்டுபோனார்.

"இங்க அடிக்காதீங்கண்ணா" என்றேன்.